மாஸ்டரின் மீசையும் பீப்பீயின் உதடும்

பாலம் திறக்க ஆறு நாள் இருக்கும்போது பீப்பீயின் கீழுதடு சரியாக நடுவில் பிளந்தது.

திங்கட்கிழமை காலை ஒத்திகை. தையல் அறைக்கு மேலே, தகரக் கூரை போட்ட நீள அறையில் கோஷ்டி முழுக்க வரிசை கட்டி நின்றிருந்தது. இரண்டு மாதமாக ஒரு தூறல்கூட இல்லை. ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தும், உள்ளே வந்த காற்று எங்கேயோ அடுப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்த காற்றாக இருந்தது. முன்னால் நின்ற மாஸ்டர், வெள்ளிக் குமிழ் வைத்த கோலைத் தலைக்கு மேலே தூக்கினார். இடது கையால் மீசையை ஒருமுறை நீவிவிட்டுக்கொண்டார். கோல் இறங்கியது.

அந்தப் பேண்டு வாத்தியக் கோஷ்டி எங்கே போனாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். முதலில் ட்ரம்பெட் மட்டும் தனியாக ஒரு கூவல். எட்டு அடி நடக்கும்வரை அந்த ஒற்றை ஸ்வரம் ஆடாமல் நிற்க வேண்டும். ஒன்பதாவது அடியில் பெரிய டிரம் 'தொம்' என்று விழும். அதற்கப்புறம்தான் மற்றவர்களுக்கு வேலை. பாலம் கட்டிய எஞ்சினியர் இவர்களைத் தேடி வந்ததே அந்தக் கூவலை எங்கேயோ கேட்டுவிட்டுத்தான். "புதுப் பாலத்துல முதல் அடி உங்களோடதா இருக்கட்டும். ஆனா அந்த ஒத்தைச் சத்தம் கண்டிப்பா வேணும்" என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பீப்பீ கூவினாள். ஐந்து அடி வரைக்கும் ஸ்வரம் கம்பி மாதிரி நின்றது. ஆறாவது அடியில் 'ப்ஃபுர்ர்' என்று காற்றுப் போன டயராகிவிட்டது.

"என்ன ஆச்சு?" என்றார் மாஸ்டர்.

பீப்பீ ட்ரம்பெட்டை வாயிலிருந்து இறக்கினாள். அதில் உதடு பதியும் வாய்க்கிண்ணத்தில் சிவப்பாக ஒரு பொட்டு இருந்தது.

மாஸ்டர் அவளுக்கு அப்பா. அவளுக்கு முன்னால் ஆளுயர டிரம்மைக் கட்டிக்கொண்டு நின்றவள் அக்கா. கிளாரினெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு துணியோடு ஓடி வந்தவர் அம்மாவின் தம்பி. வாத்தியங்களை எல்லாம் துடைத்துத் துடைத்தே பாதி ஆயுளைக் கழித்தவர் என்பதால் கோஷ்டியில் அவருக்குப் 'பளபளா' என்று பேர். இவளுக்குப் பீப்பீ என்று பேர் வந்தது மூன்று வயதில், காகிதத்தைச் சுருட்டி ஊதி வீட்டையே காலிபண்ண வைத்தபோது. இப்போது இருபத்திரண்டு வயது. இன்னும் ஊதிக்கொண்டுதான் இருக்கிறாள்.

முகப்பருவுக்கு ஏழு மாதம் மாத்திரை சாப்பிட்டாள். மாத்திரை முடிந்து மூன்று வாரம் ஆகிறது. பரு எல்லாம் போய்விட்டது. ஆனால் போனவை சும்மா போகவில்லை. இரண்டு கன்னத்திலும், மணலில் முதல் மழைத்துளிகள் விழுந்து நின்றுபோன மாதிரி சின்னச் சின்னக் குழிகளை விட்டுவிட்டுப் போயின. கூடவே தோல் வறண்டது. முழங்கையைச் சொறிந்தால் மாவு கொட்டியது. உதடு இரண்டும் வெயிலில் போட்ட களிமண் மாதிரி கோடு கோடாக வெடித்தன.

ட்ரம்பெட் முன்வரிசையில் நிற்க வேண்டிய வாத்தியம். ஏழு மாதமாகப் பீப்பீ மட்டும் அக்காவின் டிரம்முக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அங்கே நின்றால் ட்ரம்பெட்டின் வாய் மட்டும்தான் வெளியே தெரியும். மாஸ்டருக்கு அது பிடிக்கவே இல்லை. "மூஞ்சியை யாரு பாக்கப் போறா? சத்தத்தைத்தானே கேக்கப் போறாங்க!" என்று வாரத்துக்கு நாலு தடவையாவது சொல்லிவிடுவார். சொல்லும்போதெல்லாம் கை தானாக மீசைக்குப் போகும்.

*

கீழே தையல் அறையில் அம்மா பதினான்கு சிவப்புக் கோட்டுகளுக்குப் புதுப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். பீப்பீயைப் பார்த்ததும் ஊசியை வாயிலிருந்து எடுத்தாள்.

"மறுபடியுமா? காட்டு. அடி ஆத்தி! ஊதாதேன்னா கேக்கறியா?"

"ஞாயித்துக்கெழமை பாலம்மா."

"பாலம் கல்லால கட்டினது, அது எங்கேயும் போகாது. உன் உதடு தோலால கட்டினது."

மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் கொண்டுவந்துவிட்டார்கள். அக்கா ஸ்ட்ராபெர்ரி வாசனை போட்ட ஒரு குச்சியை நீட்டினாள். தடவியதும் சுருக்கென்று எரிந்தது, வாசனைக்கு ஆசைப்பட்டு நாக்கு வேறு அங்கேயே சுற்றியது. பளபளா மாமா தலைவலித் தைலத்தை எடுத்து வந்தார். "உதட்டுக்கும் தலைதானே பக்கம்" என்பது அவர் கட்சி. மாஸ்டர் வைத்தியம் எல்லாம் சொல்லவில்லை. "இன்னும் கொஞ்சம் ஊதினா காய்ச்சுப் போயிடும், வலி தெரியாது. எனக்கெல்லாம் அப்படித்தான் ஆச்சு" என்றார்.

"உங்களுக்கு உதடா இருந்துது? செருப்புத் தோல்" என்றாள் அம்மா.

காரம் போடாத உருளைக்கிழங்கு மசியலைப் பீப்பீ ஸ்பூனால் உதட்டில் படாமல் உள்ளே தள்ளினாள். வாயைத் திறக்காமலே சாப்பிடும் வித்தை அவளுக்கு இந்த ஏழு மாதத்தில் நன்றாகவே கைவந்திருந்தது. ஆரஞ்சுப் பழத்தைப் பார்த்தால் பத்தடி தள்ளி உட்காருவாள். கொட்டாவி வந்தால் இரண்டு கையாலும் வாயைப் பிடித்துக்கொள்வாள். சிரிப்பு வந்தால்தான் ஆபத்து. அந்த வீட்டில் சிரிப்பு வராமல் இருப்பது கஷ்டம்.

டாக்டர் கொடுத்த கெட்டியான களிம்பைத் தடவிக்கொண்டு மறுபடி மேலே போய் ஊதிப் பார்த்தாள். ட்ரம்பெட் வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு மூக்குக்குப் போயிற்று. மறுபடி வைத்தாள். தாடைக்குப் போயிற்று.

"வாயில நிக்க மாட்டேங்குதே! எண்ணெய் தேய்ச்ச பூனையைப் பிடிக்கற மாதிரி இருக்கு" என்றாள்.

அக்கா சிரித்தாள். பீப்பீக்கும் சிரிப்பு வந்தது. உதடு இரண்டாவது இடத்தில் பிளந்தது.

*

செவ்வாய்க்கிழமை தோல் டாக்டரம்மாவிடம் போனாள். துணைக்குப் பளபளா மாமா வந்தார். வெளியே காத்திருப்போர் பெஞ்சில் உட்கார்ந்து, சும்மா இருக்க முடியாமல், கிளினிக் கதவின் பித்தளைப் பிடியைத் தன் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா விளக்கைத் தாழ்த்தி உதட்டைப் பார்த்தார். புருவத்தைச் சுருக்கினார்.

"மாத்திரை நிறுத்தி மூணு வாரம் ஆச்சு. வறட்சி இன்னும் கொஞ்ச நாள் இருக்கத்தான் செய்யும். ஆனா இந்நேரம் குறைய ஆரம்பிச்சிருக்கணுமே. இது என்ன, வளையல் வச்சு அழுத்தின மாதிரி வட்டமா சிவந்திருக்கு? என்ன தடவறே?"

"தினமும் நீங்க குடுத்த களிம்பு மட்டும்தான் டாக்டர். வாசனை இல்லாதது."

"உதட்டை என்ன தொடுது?"

"ட்ரம்பெட்."

"அதை எதால துடைப்பே?"

பீப்பீ யோசித்தாள். "நான் துடைக்கறதில்லையே. மாமாதான் துடைச்சுக் கையில குடுப்பார்."

"கூப்பிடு மாமாவை."

மாமா உள்ளே வந்து, நாற்காலி நுனியில் மரியாதையாக உட்கார்ந்தார்.

"ஸ்பிரிட்டுங்க டாக்டர். மட்டமான சரக்கு இல்லை, நல்ல சுத்தமான ஸ்பிரிட்டு. ஒத்திகைக்கு முன்னாடி ஒரு தடவை துடைப்பேன். நடுவுல ஒரு தடவை. பாப்பா மருந்து சாப்பிட ஆரம்பிச்சதிலேருந்து, பாவம் புண்ணு இருக்கே, கிருமி வந்துடக் கூடாதேன்னு இன்னும் ரெண்டு தடவை சேத்துக்கிட்டேன்."

டாக்டரம்மா கண்ணை மூடித் திறந்தார். "ஏழு மாசமாவா?"

"ஒரு நாள் விட்டதில்லைங்க!" என்றார் மாமா, பாராட்டுக்குக் காத்திருக்கும் முகத்தோடு.

அந்த முகம் அடுத்த இரண்டு நிமிஷத்தில் மெல்ல மெல்ல இறங்கியதைப் பீப்பீயால் பார்க்க முடியவில்லை. மருந்து ஏற்கெனவே தோலின் பசையை எல்லாம் உறிஞ்சியிருக்க, மிச்சம் மீதி இருந்ததையும் ஸ்பிரிட் ஈரம் காயாத அந்த வாய்க்கிண்ணம் தினம் நாலு வேளை உறிஞ்சியிருக்கிறது. இனிமேல் வெந்நீரும் சோப்பும்தான், துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் வாயில் வைக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. பத்து நாளைக்கு வாயில் வைக்கவே வேண்டாம். குளித்துவிட்டு முகத்தில் ஈரம் இருக்கும்போதே களிம்பு. வெயிலில் போவதற்கு முன் அதற்கென்று உள்ள க்ரீம். உதட்டை நக்காதே, உரிக்காதே, வாய்விட்டுச் சிரிக்காதே.

"குழியெல்லாம் இப்படியேதான் இருக்குமா டாக்டர்?"

"சிவப்பு மங்கும். குழி கொஞ்சம் நிரவும். முழுசாப் போயிடும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆறு மாசம் கழிச்சு வா, தோல் தெம்பானதும் என்ன செய்யலாம்னு பாப்போம். அதுவரைக்கும் பார்லர் அது இதுன்னு போய்த் தோலை உரிச்சுக்கிட்டு வந்துடாதே."

பஸ்ஸில் மாமா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். மூன்று நிறுத்தம் தாண்டியதும், "பாப்பா, உங்க அம்மாகிட்ட நானே சொல்லிடறேன்" என்றார்.

"சொல்லுங்க மாமா. ஆனா அம்மா கையில கத்திரிக்கோல் இல்லாத நேரமாப் பாத்துச் சொல்லுங்க."

மாமாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. எதைத் துடைப்பது என்று தெரியாமல் பஸ்ஸின் கம்பியைத் துடைத்தார்.

*

"பத்து நாளா?" என்று கத்தினார் மாஸ்டர்.

இரண்டாவது ட்ரம்பெட் ஊதுகிற ஆளுக்கு அந்த வாரம்தான் முன்பல் பிடுங்கியிருந்தார்கள். அவர் ஊதினால் காற்று மட்டும் போகும், கூவல் வராது. பக்கத்துத் தெருக் கோஷ்டியில் ஆள் கேட்கலாம் என்று அக்கா சொன்னாள்.

"அவன்கிட்டயா? அதுக்கு நான் பாலத்துலேருந்து குதிச்சுடுவேன்."

"முதல்ல திறக்கட்டும், அப்புறம் குதிங்க" என்றாள் அம்மா. "ஏன், நீங்க ஊதினா என்ன? இருபத்தஞ்சு வருஷம் ஊதினவர்தானே?"

எல்லாரும் மாஸ்டரைப் பார்த்தார்கள். பீப்பீ ட்ரம்பெட்டைக் கையில் எடுத்த அன்றைக்கு அவர் கீழே வைத்தவர். ஐந்து வருஷமாகக் கோல்தான். மீசையும் அப்போது ஆரம்பித்ததுதான். ஊதுகிற காலத்தில் வைக்க முடியாமல் போன ஆசையை எல்லாம் சேர்த்துவைத்து, காதை நோக்கி இரண்டு பக்கமும் முறுக்கி வளர்த்திருந்தார். கோஷ்டி வருகிறதென்றால் ஜனங்கள் முதலில் பார்ப்பது கோலை, இரண்டாவது மீசையை என்பது அவருடைய நம்பிக்கை. வரிசை மாறியும் இருக்கலாம் என்பது அவருடைய அந்தரங்கம்.

"ஊதினா ஊதிட்டுப் போறேன்!" என்று பெட்டியிலிருந்து தன் பழைய ட்ரம்பெட்டை எடுத்தார். கால்களை அகட்டி நின்றார். மூச்சை இழுத்தார்.

வாத்து ஒன்று கோபித்துக்கொண்டு எழுந்து போகிற சத்தம் வந்தது.

மறுபடி ஊதினார். இந்தத் தடவை வாத்து திரும்பி வந்தது. மீசை உதட்டுக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் மெத்தை போட்டதுபோல் படுத்திருந்தது. காற்று இரண்டு பக்கமும் ஒழுகியது. மூன்றாவது தடவை ஊதிவிட்டு ட்ரம்பெட்டை எடுக்கப் போனவர் "ஆ!" என்று அலறினார். நாலு முடி மாட்டிக்கொண்டிருந்தது.

அம்மா, கோட்டில் அடையாளம் போடுகிற சாக்குக்கட்டியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். "எடுத்துடுங்க."

"எதை?"

"அதைத்தான்."

"ஏய்! விளையாடறியா? இது இல்லாம நான் எப்படி வெளியில போவேன்? ஊரு முழுக்க நிக்குமே!"

பீப்பீ களிம்பு வழியும் உதட்டை அசைக்காமல், பல்லுக்கு நடுவிலிருந்து சொன்னாள்: "மூஞ்சியை யாருப்பா பாக்கப் போறா? சத்தத்தைத்தானே கேக்கப் போறாங்க."

அறை முழுவதும் சிரித்தது. பல் பிடுங்கினவர்கூட ஓட்டையைக் காட்டிச் சிரித்தார். மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. ட்ரம்பெட்டைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"சரி. நான் பின்னால நின்னு ஊதினா, முன்னால கோலைப் பிடிக்கறது யாரு?"

சிரிப்பு நின்றது. அக்காவின் மேல் டிரம் கட்டியிருந்தது. மாமா கையில் கிளாரினெட். ஒவ்வொருத்தர் கையிலும் ஒவ்வொன்று. கோலின் ஒவ்வொரு அசைவும் தெரிந்தவர்களில் அந்த அறையில் கை காலியாக நின்றது ஒரே ஒரு ஆள்தான்.

"நான் மாட்டேன்" என்றாள் பீப்பீ. "அம்மா பிடிக்கட்டும்."

"எனக்கு மெஷின்ல உக்காந்தாத்தான் வலது எது இடது எதுன்னே தெரியும்" என்றாள் அம்மா.

"நான் மாட்டேன்னா மாட்டேன். ட்ரம்பெட் கையில இருந்தாலாவது பாதி மூஞ்சி மறையும். கோலுக்குப் பின்னால எதை மறைக்கறது?"

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள்.

*

புதன், வியாழன் இரண்டு நாளும் அந்த வீட்டில் இரண்டு பேர் பிடிவாதமாக இருந்தார்கள். மாஸ்டர் மீசையைத் தொடவிடவில்லை. பீப்பீ கோலைத் தொடவில்லை. மாமா மட்டும் வெந்நீரும் சோப்புமாக மாடிக்கும் கீழுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை அக்கா ஒரு சமரசத்தோடு வந்தாள். மேக்கப் போட்டுவிட்டால் குழி தெரியாதே! ஜன்னல் ஓரம் ஸ்டூலில் உட்காரவைத்து, தோல் நிறத்தில் ஒரு பூச்சை எடுத்துக் கன்னம் முழுக்கத் தட்டித் தட்டிப் பூசினாள். ஐந்து நிமிஷம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு வறண்ட தோல் அதைக் குடித்தது. ஓரங்கள் சுருண்டன. பழைய சுவரில் புதுச் சுண்ணாம்பு அடித்தால் எப்படிப் பொருக்குப் பொருக்காக எழும்புமோ அப்படி எழும்பியது. முன்னால் தெரியாத குழியெல்லாம் இப்போது கரை கட்டிக்கொண்டு தெரிந்தன.

இருவரும் கண்ணாடியைப் பார்த்தார்கள்.

"நான் உன்னை அழகாக்கணும்னுதான்டி நினைச்சேன்" என்றாள் அக்கா.

"தெரியுது. நகராட்சி ரோடு போட்ட மாதிரி போட்டிருக்கே."

அக்கா கழுவிவிட்டாள். வெதுவெதுப்பான தண்ணீர், தேய்க்காமல் ஒற்றி எடுக்கிற துண்டு, ஈரத்தின் மேலேயே களிம்பு. எல்லாம் முடிந்து பார்த்தபோது, உதட்டின் பிளவு நான்கு நாள் ஓய்வில் மூடத் தொடங்கியிருந்தது. வட்டச் சிவப்பு மங்கியிருந்தது. கன்னம் கன்னமாகவே இருந்தது.

"இதுவே தேவலையே" என்றாள் அக்கா, உண்மையாகவே ஆச்சரியப்பட்டு.

பீப்பீ கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி மறுபடி பார்த்தாள்.

*

சனிக்கிழமை காலை மாஸ்டர் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அரைமணி ஆயிற்று. முக்கால் மணி ஆயிற்று. அம்மா தட்டினாள், பதில் இல்லை. அக்கா தட்டினாள், தண்ணீர் சத்தம் மட்டும். கடைசியில் பீப்பீ போய்க் கதவருகில் நின்றாள்.

"அப்பா?"

"யாரு? பீப்பீயா? உங்கூட வேற யாரு இருக்கா?"

"யாரும் இல்லை. நான் மட்டும்தான்."

"எடுத்துட்டேன்" என்றது கதவுக்குப் பின்னால் ஒரு சின்னக் குரல்.

"எடுத்துட்டீங்களா! வெளியில வாங்க, பாக்கலாம்."

"முடியாது."

"ஏன்பா?"

"வேற யாரோ மாதிரி இருக்கேன். கடையில சில்லறை மாத்திக் குடுக்கறவன் மாதிரி இருக்கேன்."

பீப்பீ சிரிப்பை அடக்க உதட்டை விரலால் பிடித்துக்கொண்டாள். "எவ்வளவு நேரம் உள்ளயே இருப்பீங்க?"

"நீ கோலைப் பிடிக்கறேன்னு சொல்றவரைக்கும்."

"நீங்க வெளியில வாங்க, அப்புறம் சொல்றேன்."

"நீ சொல்லு, அப்புறம் வரேன்."

 குழாய் சொட்டியது. பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது. இந்தத் தடவை மாஸ்டரின் குரலாக இல்லை.

"ஏம்மா... ஒரு மணி நேரம் ஆகல எடுத்து. கண்ணாடி பக்கம் திரும்பப் பிடிக்கலை. நீ ஏழு மாசம் எப்படி இருந்தே?"

பீப்பீ கதவில் சாய்ந்துகொண்டாள்.

"டிரம்முக்குப் பின்னால இருந்தேன்."

"நான் வேற தினம் வாயை மூடாம... யாரு பாக்கறா, யாரு பாக்கறான்னு."

"ஆமா. வாரத்துக்கு நாலு தடவை."

"எண்ணினியா?"

"பின்னே? டிரம்முக்குப் பின்னால வேற என்ன வேலை எனக்கு?"

உள்ளே ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் 'டக்' என்றது, ஆனால் கதவு திறக்கவில்லை.

"சிரிக்க மாட்டேன்னு சொல்லு."

"சிரிக்க மாட்டேன்."

"டாக்டர் வேற சிரிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"சிரிக்க மாட்டேன்பா. வாங்க."

கதவு திறந்தது. முகத்தில் துண்டு. துண்டு மெல்ல இறங்கியது. வெயிலில் கறுத்த முகத்தின் நடுவே, மூக்குக்குக் கீழே மட்டும், சுவரில் காலண்டரை எடுத்த இடம் மாதிரி வெளுப்பாக ஒரு பட்டை. அதற்கும் கீழே, ஐந்து வருஷமாக யாரும் பார்க்காத ஒரு மேலுதடு, பயந்த பிள்ளையைப் போல ஒட்டிக்கொண்டிருந்தது.

பீப்பீ இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வழிந்தது. அதற்குள் பின்னாலேயே வந்து ஒளிந்து நின்ற மாமா எட்டிப் பார்த்து, "மாஸ்டர், உங்களுக்கு மேலுதடு இவ்வளவு சின்னதா!" என்றுவிட, அம்மா மெஷினை விட்டு ஓடிவர, அக்கா டிரம் குச்சியோடு ஓடிவர, அந்தக் குறுகிய நடையில் குடும்பம் முழுக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கொஞ்ச நேரம் விறைப்பாக நின்ற மாஸ்டருக்கும் தாங்கவில்லை.

"கோலை எடுத்துட்டு வாங்க மாமா" என்றாள் பீப்பீ, மூச்சு வாங்கிக்கொண்டு. உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிளக்கவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை பாலத்தின் மேல் காற்று பிய்த்துக்கொண்டு போனது. கீழே ஆறு பாதி மணலாகவும் பாதி தண்ணீராகவும் கிடந்தது. இரண்டு ஓரத்திலும் கம்பிக் கைப்பிடியை ஒட்டி ஜனம். பீப்பீ விடியற்காலையிலேயே குளித்து, ஈரத்தோடு களிம்பு தடவி, அது ஊறியதும் வெயில் க்ரீம் பூசி, உதட்டில் தனியாக ஒரு கெட்டிப் பூச்சுப் போட்டிருந்தாள். புதுப் பொத்தான் வைத்த சிவப்புக் கோட்டு. கையில் கோல். வேறு ஒன்றும் இல்லை முகத்துக்கு முன்னால்.

மாமா எஞ்சினியரிடம் போய், "நாங்க எல்லாரும் ஒரே அடியா மிதிப்போமுங்க. தாங்குமா?" என்று ரகசியமாகக் கேட்டார்.

"முப்பது லாரியைச் சேத்து நிறுத்திப் பாத்தாச்சு. நீங்க தைரியமா மிதிங்க" என்றார் எஞ்சினியர்.

பீப்பீ திரும்பி வரிசையைப் பார்த்தாள். எண்ணிக்கையில் ஒரு ஆள் குறைந்தது. அக்காவின் டிரம்முக்குப் பின்னாலிருந்து ஒரு ட்ரம்பெட்டின் வாய் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா, தள்ளி நில்லுங்க, குச்சி மேல படும்" என்று அக்கா முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"மாஸ்டர்!" என்றாள் பீப்பீ. அப்பாவை அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "ட்ரம்பெட் எங்க நிக்கணும்?"

"இங்கேயே இருந்துக்கறேனே..."

"முன்வரிசைக்கு வாங்க."

கோல் இருந்த கைக்கு அந்தக் கோஷ்டியில் மறுபேச்சுக் கிடையாது. அந்தச் சட்டத்தைப் போட்டவரே அவர்தான். மாஸ்டர் வெளுத்த மேலுதட்டோடு வெயிலுக்கு வந்து நின்றார்.

கோல் உயர்ந்தது. இறங்கியது.

கூவல் கிளம்பியது. முதல் அடியில் கொஞ்சம் கரகரத்தது. இரண்டாவதில் தெளிந்தது. பீப்பீ நடந்தாள். நாலு, ஐந்து. ஆறாவது அடியில் அவளுக்கே மூச்சு நின்றது. ஸ்வரம் நிற்கவில்லை. ஆற்றுக்கு மேலே, காற்றுக்கு மேலே, நேராகப் போய்க்கொண்டே இருந்தது. ஏழு. எட்டு. 'தொம்!' என்று விழுந்தது அக்காவின் டிரம். கூட்டம் 'ஓ' என்றது. கிளாரினெட்டும் மற்றதெல்லாமும் மொத்தமாக வந்து சேர்ந்தன.

பாலத்தின் நடுவில் கோல் பிடிப்பவர் திரும்பி, கோஷ்டியைப் பார்த்தபடி பின்னால் நடக்க வேண்டும். வரிசை கோணினால் அப்போதுதான் தெரியும். பீப்பீ திரும்பினாள். இரண்டு ஓரத்து ஜனத்தின் பார்வையும் சேர்ந்து நேரே அவள் முகத்துக்கு வந்தது. காலை வெயில் பக்கவாட்டில் விழுந்து கன்னத்தின் ஒவ்வொரு குழியையும் எழுதிக் காட்டியிருக்கும்.

"அந்தப் பொண்ணைப் பாரு. மூஞ்சியெல்லாம் தழும்பு, பாவம்" என்று ஒரு குரல் இடது பக்கமிருந்து தெளிவாகவே வந்தது.

கேட்டது. ஒரு நிமிஷம் காலுக்குக் கீழே பாலம் ஆடியது மாதிரிகூட இருந்தது. ஆனால் அதே இடது பக்கத்தில் வரிசை அரை அடி பிந்திக்கொண்டிருந்தது. பல் பிடுங்கினவருக்குத் தாளத்தட்டைக் கொடுத்திருந்தார்கள், அவர் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். பீப்பீ புருவத்தைத் தூக்கினாள். அவர் கவனிக்கவில்லை. கன்னத்தை உப்பி, கண்ணை உருட்டி, கோலை அவர் பக்கம் ஒரு வெட்டு வெட்டினாள். அவர் பதறிக்கொண்டு அடியைப் பிடித்தார். வரிசை நேரானது. நேரானதும் தாளம் ஒரு வண்டி ஏற்றத்திலிருந்து இறக்கத்துக்கு வந்த மாதிரி தானாக ஓடத் தொடங்கியது. கோல் கையில் எடையே இல்லை. அவள் மணிக்கட்டைச் சுழற்றினால் அத்தனை பேரின் காலும் சுழன்றது. அந்தக் குரல் எந்த முகத்திலிருந்து வந்தது என்று தேட அப்புறம் நினைவு வந்தபோது, அந்த இடம் நாற்பது அடி பின்னால் போயிருந்தது.

சிரித்தாள். வாய் நிறைய, பல் தெரிய. உதடு இழுபட்டது, கொஞ்சம் சுரீரென்றது, தாங்கியது.

அக்கரையில் சாலையின் குறுக்கே வெள்ளைக்கோடு போட்டிருந்தார்கள். அங்கே கோலை இறக்க வேண்டும், கோஷ்டி நிற்க வேண்டும், எஞ்சினியர் கைதட்ட வேண்டும். அதுதான் ஏற்பாடு. ஓரமாக ஓடி முன்னாலேயே வந்துவிட்ட எஞ்சினியர் கையை விரித்துத் தயாராக நின்றிருந்தார்.

கோடு வந்தது. கோல் இறங்கவில்லை.

எஞ்சினியர் விரித்த கையோடு ஓரமாக ஒதுங்கினார். கோஷ்டி கோட்டைத் தாண்டியது. பாலம் முடிந்து, கடைகளும் வீடுகளுமாக ஒரு தெரு தொடங்கியது. மாடிகளில் ஜன்னல்கள் திறந்தன. பால் கேன் கட்டிய சைக்கிள்காரர் இறங்கி நின்றார்.

"எங்கடி போற? வேன் அந்தக் கரையிலல்லவா நிக்குது!" என்று மாமா கிளாரினெட்டை எடுத்துவிட்டுக் கத்தினார்.

"நடங்க மாமா!"

அக்கா சிரித்துக்கொண்டே டிரம்மை இன்னும் ஓங்கி அடித்தாள். முன்வரிசையில் மாஸ்டரின் முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது, வெளுத்த பட்டைகூட இப்போது சிவந்துபோய் மற்ற முகத்தோடு சேர்ந்துவிட்டது. வாய் ட்ரம்பெட்டில் இருந்ததால் அவரால் எதுவும் சொல்ல முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். நின்றுவிடு என்று ஆட்டினாரா, நடத்து என்று ஆட்டினாரா என்று பீப்பீ கேட்டுக்கொள்ளவில்லை. கோலை உயரத் தூக்கி, முதலில் வந்த திருப்பத்தில் வலது பக்கம் திரும்பினாள்.